‘டிக்’ என்கிறது, ஸ்டாட் ஆகவில்லை!

க.பொ.த. உயர்தரம், கணிதப் பிரிவு



பழைய கார் உள்ள வீடுகளில் எல்லோருக்கும் பழகிப்போன ஓர் ஒலி உண்டு. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழல்வதற்குப் பதிலாக, பொனற்றுக்குள்ளே எங்கோ ‘டிக்’ என்று கேட்கும். மீண்டும் திருப்பினால் மீண்டும் ‘டிக்’. அவ்வளவுதான். உடனே வாசலில் நிற்கும் அனைவரும் வைத்தியர்களாகி விடுவார்கள். “பற்றரி முடிஞ்சி போச்சி” என்பார் ஒருவர். “ஸ்டாட்டர் மோட்டரக் கழட்டணும்” என்பார் இன்னொருவர். “பெற்றோல் இரிக்கா?” என்று கேட்பார் மூன்றாமவர்.

காய்ச்சல் எப்படிப் பல நோய்களுக்கு ஓர் அறிகுறியோ, அப்படியே இந்த ‘டிக்’ ஒலியும் பல கோளாறுகளுக்கு ஓர் அறிகுறி. எது கோளாறு என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுத்தால் காசும் போகும், நோயும் இருக்கும். உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் ஓமின் விதி, கலத்தின் அகத்தடை, மின்காந்தம் ஆகிய மூன்றும் தெரிந்த எவரும் இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

பெற்றோல் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது. முதலில் யாராவது அதைச் சுழற்றிவிட வேண்டும். ஆரம்ப காலக் கார்களில் முன்னால் ஓர் இரும்புக் கைபிடியைச் செருகிக் கையால் சுழற்றினார்கள். எஞ்சின் திடீரென எதிர்ப்பக்கம் உதைத்தால் சுழற்றுபவரின் கை முறிந்துவிடும். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் 1911இல் மின்னால் இயங்கும் ஸ்டாட்டரை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. உடல் பலம் இல்லாமலே காரை எடுக்க முடிந்ததால் பெண்கள் வாகனம் ஓட்டுவதும் இலகுவாயிற்று.

இன்றும் அடிப்படை அதுவே. ஆனால் ஸ்டாட்டர் மோட்டருக்கு மிகப் பெரிய ஓட்டம் தேவை. ஒரு சிறிய பெற்றோல் காருக்கே 100 முதல் 200 அம்பியர் வரை வேண்டும். இரண்டு ஹெட்லைற்றுகளும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 9 அம்பியர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு ஓட்டத்தைத் திறப்பின் சிறிய ஆளி தாங்காது. ஆகவே திறப்பு ஒரு சிறிய ஓட்டத்தை மட்டும் சொலினொயிட் எனும் வரிச்சுருளுக்கு அனுப்புகிறது. வரிச்சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தண்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஸ்டாட்டரின் சிறு பற்சில்லைத் தள்ளி எஞ்சினின் பெரிய பற்சில்லோடு பிணைப்பது. மற்றது, பற்றரியின் தடித்த கேபிளை மோட்டரோடு தொடுப்பது. தண்டு போய் முட்டும் சத்தமே நாம் கேட்கும் ‘டிக்’.

ஆகவே ‘டிக்’ கேட்டால் திறப்பிலிருந்து சொலினொயிட் வரை பாதை திறந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் சுழலவே இல்லை என்பதால் பெற்றோல், பிளக் பற்றிய கேள்விகளுக்கு இன்னும் இடமில்லை. மூன்றாமவரின் கேள்விக்கு இதுவே பதில்.

எத்தனை தடவை ‘டிக்’?

முதலில் காதைப் பயன்படுத்துங்கள்.

‘டிக்-டிக்-டிக்-டிக்’ என்று வேகமாகத் தொடர்ந்து கேட்டால் பற்றரி இறங்கியிருக்கலாம். அல்லது பற்றரியின் முடிவிடங்களில் தொடுகை சரியில்லாமல் இருக்கலாம். சொலினொயிட்டை இழுக்கும் அளவுக்கு வலு இருக்கிறது. ஆனால் மோட்டர் தொடுக்கப்பட்டதும் அழுத்த வித்தியாசம் சடுதியாக விழுந்து விடுகிறது. சொலினொயிட் பிடியை விடுகிறது. சுமை நீங்கியதும் அழுத்த வித்தியாசம் மீண்டும் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இப்படியே மாறிமாறி நடப்பதுதான் அந்தத் தொடர் ஒலி.

‘டிக்’ என்று ஒரே ஒரு தடவை உரமாகக் கேட்டு நின்றால், சொலினொயிட் இழுத்துப் பிடித்துவிட்டது, ஆனால் மோட்டர் சுழலவில்லை. சொலினொயிட்டின் உள் தொடுகைகள் கருகியிருக்கலாம், மோட்டரின் காபன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம், பெரிய கேபிள்களில் ஒன்று பழுதாகியிருக்கலாம். அரிதாக எஞ்சினே இறுகியிருக்கலாம்.

ஒலியே இல்லையென்றால் அது வேறு கதை. திறப்பின் ஆளியையோ சொலினொயிட்டுக்குப் போகும் மெல்லிய வயரையோ பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் காரானால் கியர் ‘பீ’ அல்லது ‘என்’ நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹெட்லைற் பரிசோதனை

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய பரிசோதனை இது. ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். ஒருவர் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்க்கட்டும். (கியர் நியூற்றலில், கைத்தடை இழுத்த நிலையில். காரின் நேர் முன்னால் நிற்காமல் சற்று ஓரமாக.)

வெளிச்சம் மிகவும் மங்கினாலோ அணைந்தாலோ பற்றரியையும் அதன் முடிவிடங்களையும் சந்தேகியுங்கள். வெளிச்சம் கொஞ்சமும் மாறாவிட்டால் மோட்டருக்குப் பெரிய ஓட்டம் போகவே இல்லை. கேபிள், சொலினொயிட் தொடுகை, மோட்டரின் தூரிகை ஆகியவற்றில் எங்கோ தடை இருக்கிறது.

“லைற் எரியிதானே, பற்றரி நல்லம்தானே?”

பலர் இப்படிக் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பற்றரியின் மின்னியக்கவிசை 12.6 வோல்ற், அகத்தடை 0.01 ஓம், ஸ்டாட்டர் சுற்றின் தடை 0.06 ஓம் என எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஓட்டம் 12.6 ÷ 0.07 = 180 அம்பியர். மோட்டருக்கு 10.8 வோல்ற் கிடைக்கும். எஞ்சின் நன்றாகச் சுழலும்.

இப்போது முடிவிடத்தில் துரு படிந்து வெறும் 0.1 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தால்? மொத்தத் தடை 0.17 ஓம். ஓட்டம் 74 அம்பியராகக் குறைந்துவிடும். அந்தத் துருவே 7.4 வோல்ற்றை விழுங்கிவிடும். மோட்டருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 4.4 வோல்ற்தான். அது சுழலாது. ஆனால் அதே துருவினூடாக ஹெட்லைற்றின் 9 அம்பியர் போகும்போது இழப்பு 1 வோல்ற்றுக்கும் குறைவு. ஆகவே லைற் எரியும், ஹோர்ன் அடிக்கும், கார் மட்டும் ஸ்டாட் ஆகாது. வெளிச்சம் வருவது பற்றரியில் ஏதோ இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. 100 அம்பியர் போகும் பாதை சீராக இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

எங்கள் வீட்டுக் காரில் நடந்தது

வாப்பாவின் கார் என்னைவிட இரு மடங்கு வயது கூடியது. கடந்த வருடம் உம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டிய ஒரு காலையில் அது ‘டிக்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நின்றது. ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நம்பர் கொடுத்து முடிந்துவிட்டது. அடுத்த திகதி ஒரு மாதம் தள்ளிப் போனது. அன்று மாலையே பார்த்தவர்கள் சொன்னபடி வாப்பா புதுப் பற்றரி வாங்கிப் போட்டார். கார் உடனே எடுபட்டது. இரண்டு கிழமையின் பின் மீண்டும் அதே ‘டிக்’.

இம்முறை நானாவின் பல்மானியை எடுத்துக்கொண்டு நானும் வாப்பாவும் பொனற்றைத் திறந்தோம். நானா திறப்பைத் திருப்பினார். பற்றரியின் இரு முடிவிடங்களுக்கிடையே 11.9 வோல்ற். இது பற்றரி நல்ல நிலையில் இருப்பதைக் காட்டியது. திருப்பும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால்தான் பற்றரியைக் குறை சொல்ல வேண்டும். அடுத்து ஒரு முனையைப் பற்றரியின் மறை முடிவிடத்திலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்தேன். திறப்பைத் திருப்பும்போது இங்கே 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது. மானி 7ஐத் தாண்டியது.

“வாப்பா, பற்றரியில குறையில்ல. கரண்ட் திரும்பி வாற பாதையிலதான் குறை” என்றேன்.

காரின் உடலையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் வயர், அதாவது ஏர்த் வயர், கீழே ஒரு மூலையில் பச்சை பூத்துப் பாதி இற்றுப்போய் இருந்தது. உறுதிப்படுத்துவதற்காக ஜம்ப் கேபிளின் கறுப்பு வயரை மட்டும் எடுத்து, பற்றரியின் மறை முடிவிடத்தையும் எஞ்சினையும் நேரே இணைத்தோம். ஒரே திருப்பில் எஞ்சின் ஓடியது. புதிய ஏர்த் வயர் பற்றரி விலையில் மிகச் சிறிய பங்கு.

“அப்ப பற்றரிக்குக் குடுத்த காசி?” என்று வாப்பா கேட்டார்.

“லைற்றாவது நல்ல வெளிச்சமா எரியட்டும்” என்றார் உம்மா.

அப்படியானால் புதுப் பற்றரி போட்டதும் கார் எடுபட்டது ஏன்? புதுப் பற்றரியின் அகத்தடை குறைவு. அதைப் பொருத்தும்போது வயர்களும் சற்று அசைந்து கொடுத்தன. பழுது தீரவில்லை, சில நாள் மறைந்திருந்தது.

வாசல் மட்டத்தில் செய்யக்கூடியவை

முடிவிடங்களில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ படிந்திருப்பது ஈயச் சல்பேற்றும் செப்புச் சல்பேற்றும்தான். கடற்காற்று வீசும் ஊர்களில் உலோகங்கள் இன்னும் விரைவாக அரிக்கும். அப்பச் சோடாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் நடுநிலையாகி நுரைக்கும். கரைசல் பற்றரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பின் நீரால் கழுவி, துடைத்து, சாண்ட் பேப்பரால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வசிலீன் பூசுங்கள்.

கழற்றும்போது மறை முடிவிடத்தை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். காரின் உடல் முழுதும் மறை முடிவிடத்தோடு இணைந்திருக்கிறது. மறை பூட்டியபடி இருக்க, நேர் முடிவிடத்தைத் திருகும் ஸ்பானர் காரின் உடலில் பட்டால் குறுஞ்சுற்றாகி நெருப்புப் பறக்கும்.

இதே காரணத்தால், தோழியரே, பொனற்றைத் திறக்குமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். தங்கம் மிக நல்ல கடத்தி. ஒரு காப்பு இரு முடிவிடங்களையும் தொட்டால் நொடியில் சிவக்கச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது ஹிஜாபின் முனையும் அபாயாவின் கையும் பெல்ட்டிலோ விசிறியிலோ சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். பற்றரிக்குள் சல்பூரிக்கமிலம் இருக்கிறது. சார்ச் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவருகிறது. அருகில் தீக்குச்சி வேண்டாம்.

வேறு காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடும்போது சிவப்பு வயரை இறங்கிய பற்றரியின் நேரிலும் பின் நல்ல பற்றரியின் நேரிலும் இணையுங்கள். கறுப்பு வயரை நல்ல பற்றரியின் மறையில் இணைத்து, கடைசி முனையை மட்டும் நின்றுபோன காரின் எஞ்சின் உலோகத்தில், பற்றரிக்குத் தூரமாகப் பூட்டுங்கள். பொறி பறந்தாலும் வாயு உள்ள இடத்துக்கு அப்பால் பறக்கட்டும்.

பற்றரி ஏன் இறங்கியது?

பற்றரிதான் குறை என்று தெரிந்தாலும் அத்தோடு நிறுத்தக் கூடாது. கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பின் அளந்தால் முழுப் பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏறக்குறைய இறங்கிவிட்டது. சார்ச் செய்து ஸ்டாட் பண்ணிய பின் மீண்டும் அளவுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஓல்டர்னேற்றர் பற்றரியை நிரப்பவில்லை. அதன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அந்தக் காருக்கு எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் சில நாளில் இறங்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால், உள் லைற்றோ டிக்கி லைற்றோ இரவு முழுதும் எரிகிறதா என்று பாருங்கள்.

பாஸிடம் என்ன சொல்வது?

ஸ்டாட்டரைக் கழற்றித் தூரிகை மாற்றுவது நம் வேலையல்ல. அதற்குக் கைதேர்ந்த பாஸ்மார் இருக்கிறார்கள். ஆனால் “கார் ஸ்டாட் ஆகுதில்ல பாஸ்” என்று சொல்வதற்கும், “ஒரு டிக் மட்டும் கேக்குது, லைற் மங்குதில்ல, பற்றரியில 12.6 இரிக்கி, முடிவிடம் ரெண்டும் துப்பரவு பண்ணிட்டம்” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்ட பாஸ் நேரே ஸ்டாட்டரிடம் போவார். தேவையில்லாத பற்றரி ஒன்றை நம் தலையில் கட்டவும் எவரும் யோசிப்பார்கள்.

எங்கள் உம்மாவிடம் பல வருடமாகச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் காரைத் தனியே எடுத்ததில்லை. இப்போது டாஷ்போர்ட்டுக்குள் ஒரு கடதாசியில் நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: எத்தனை டிக்? லைற் மங்குகிறதா? முடிவிடம் ஆடுகிறதா? ஏர்த் வயர் பச்சை பூத்திருக்கிறதா? சென்ற மாதம் உம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றது உம்மாதான். அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கடதாசிக்கு வேலை வரவில்லை.