ஆவியாகிப் போகும் நீரின் கணக்கு

1869-ஆம் ஆண்டு முதல் மழையளவு பதிவாகியிருக்கும் சிங்கப்பூரில், 2014 பிப்ரவரியைப் போல வறண்ட மாதம் அதற்குமுன் கண்டதில்லை. சாங்கி நிலையத்தில் அம்மாதம் முழுவதும் பெய்த மழை 0.2 மில்லிமீட்டர்தான். ஆயினும், வானம் கொடுத்தது எவ்வளவு என்பதோடு அனாவிருஷ்டியின் கணக்கு முடிந்துவிடாது. மண்ணும் மரமும் நீர்த்தேக்கமும் ஆவியாக இழந்தது எவ்வளவு என்பதும் தெரியவேண்டும். அதை நேரே அளப்பது அரிதாகையால் விஞ்ஞானிகள் சூத்திரங்களை நாடுகிறார்கள். சூத்திரத்துக்குச் சூத்திரம் விடை வேறுபடுகிறது.

1948-இல் இரண்டு வழிகள் பிறந்தன. அமெரிக்கரான தார்ன்த்வெயிட், மாதச் சராசரி உஷ்ணத்தையும் பகற்பொழுதின் நீளத்தையும் மாத்திரம் கொண்டு கணித்தார். வெப்பமானி ஒன்றே உள்ள ஊருக்கும் அது உதவியது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துப் பென்மனோ சூரிய கிரணம், காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம், உஷ்ணம் ஆகிய நான்கையும் ஒருசேர எடுத்துக்கொண்டார். 1965-இல் மான்டீத், இலைகளின் நுண்துளைகள் நீராவிக்குக் காட்டும் தடையையும் அதில் இணைத்தார். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1998-இல் தராதரமாக ஏற்றது இம்முறையையே.

நம் தீவில் மாதச் சராசரி உஷ்ணம் வருஷம் முழுவதும் சுமார் 2 டிகிரிக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. உச்சம் மே, ஜூன் மாதங்களில். வெயிலும் காற்றும் ஓங்கி ஈரம் குறைவதோ, வடகிழக்குப் பருவக்காற்றின் மழையற்ற பகுதியான பிப்ரவரியில். அந்நாட்களில் லிட்டில் இந்தியாவின் காம்ப்பெல் லேனில், மல்லிகைச் சரங்களின்மேல் பூக்கடைக்காரர் தெளிக்கும் நீர் எத்தனை விரைவில் உலர்கிறது என்று பார்ப்பவருக்கு இது பிரத்தியட்சம். வெப்பமானியை மட்டும் நம்பும் சூத்திரத்துக்கு இது தென்படாது. உஷ்ணம் உயர்ந்துவரும் உலகத்திலோ அது எதிர்த்திசையில் தவறி, வறட்சி உள்ளதைவிடப் பெரிதென்று காட்டிவிடும். 2012-இல் ஷெஃபீல்டும் சகாக்களும் நேச்சர் இதழில் இதனை எடுத்துக்காட்டினர்.

பென்மன்–மான்டீத் முறையும் பூரணமன்று. 12 சென்டிமீட்டர் உயரமுள்ள, நீர்க்குறைவற்ற புல்தரையையே அது ஆதாரமாகக் கொள்கிறது; 2014-இல் இங்குள்ள திடல்களின் புல்லோ கருகிப் பழுப்பேறிவிட்டது. இல்லாத நீரை எந்த வெயிலும் ஆவியாக்க முடியாதல்லவா! இதற்கு மாறாக, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தெலுக் குராவ் குடியிருப்பில் கோபுரம் நிறுத்தி, வீடுகளுக்கும் மரங்களுக்கும் மேலாக எழும் நீராவியை நேரடியாகவே அளந்தார்கள்.

இத்தகைய ஆவிக் கணக்கைக்கொண்டு வறட்சியை எண்ணால் காட்டும் குறியீடு எதையேனும் பத்திரிகையில் காணும் வாசகர், அது எந்த முறையால் கணிக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்த பிறகே அதனை நம்ப வேண்டுகிறேன்.