மலை வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் அளந்து பாருங்கள்!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்றார்கள் நம் பெரியவர்கள். கட்டின வீட்டை வாங்குவதில் அத்தனை தொல்லை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் இருக்கிறது. கூரை இருக்கிறது. பத்திரமும் இருக்கிறது. பணத்தைக் கொடுத்தால் சாவி கைக்கு வந்துவிடும். இன்னும் என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். அளவு வேண்டும்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் ஏற்காடு வருகிறது. சேர்வராயன் மலையின் குளிர்ந்த காற்று முகத்தில் வீசுகிறது. காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் கண்ணை நிறைக்கின்றன. தலைச்சோலை போன்ற ஊர்கள் அந்த மலையில்தான் இருக்கின்றன. இங்கே ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கி, கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று ஆசைப்படாதவர் யார்?

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அவசரப்படக் கூடாது.

ஓர் ஆசிரியரின் கதை

உதாரணத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். கையில் சேமிப்பு இருக்கிறது. மனைவியோடு மலைக்குப் போகிறார். வீட்டுக்காரர் கையை நீட்டிக் காட்டுகிறார்.

“அதோ தெரியுதுங்களே சில்வர் ஓக் மரம், அதுவரைக்கும் நம்ம இடந்தானுங்க.”

தரகர் பக்கத்தில் நின்று, “இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காதுங்க சார், நாளைக்கே முன்பணம் கொடுத்துடுங்க” என்கிறார்.

ஆசிரியர் கொடுத்துவிடுகிறார். பத்திரமும் பதிவாகிறது. பால் காய்ச்சிக் குடி போகிறார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டக்காரர் சர்வேயரோடு வருகிறார். அளந்து பார்த்தால், அந்த மரமும் கிணறும் அவருடைய நிலத்தில் இருக்கின்றன! சமையலறையின் பின்சுவர் ஓடைப் புறம்போக்கில் நிற்கிறது! வீட்டுக்கு வரும் பாதையோ மூன்றாவது ஒருவருக்குச் சொந்தம்!

ஆசிரியரின் சேமிப்பு போயிற்று. மிஞ்சியது வழக்கு.

இவர் நாம் உதாரணத்துக்குச் சொன்ன ஆசிரியர்தான். ஆனால் இந்தத் தொல்லைகள் யாருக்கும் வரலாம். இத்தனையையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரே ஒரு நாள் அளவு காட்டிக் கொடுத்திருக்கும்.

பத்திரம் பதிவானால் போதாதா?

போதாது. பத்திரத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் உங்கள் நிலத்துக்கு வந்து அளந்து பார்ப்பதில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பதிவாகிறது. முப்பது சென்ட் என்று எழுதினால் முப்பது சென்ட் என்று பதிவாகும். தரையில் இருபத்தைந்துதான் இருந்தால், காகிதம் அதைச் சொல்லாது.

“பட்டா இருக்கிறதே!” என்பார்கள் சிலர். பட்டா முக்கியமான காகிதம்தான். ஆனால் நிலத்தின் முழு உரிமையையும் பட்டா ஒன்றே நிலைநாட்டிவிடாது. இது ஏன் என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

சேலம் கண்ட பழைய அளவு

நிலத்தை அளப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ராஜராஜ சோழன் சோழ நாட்டை அளக்கச் செய்தான். வேலி, மா, காணி என்று கணக்கு எழுதினார்கள்.

பிற்காலத்தில் வயல் வயலாக அளந்து வரி போடும் முறைக்கு வழிகாட்டிய சீமை எது தெரியுமா? நம் சேலம் சீமைதான்! 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கம்பெனியிடம் கொடுக்க நேர்ந்தது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு இங்கே அதிகாரியாக வந்தார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். அவர்கள் நிலங்களை அளந்து, குடியானவரிடமிருந்து நேராக வரி வாங்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதுவே ரயத்துவாரி முறை. மன்றோ பிறகு சென்னையின் கவர்னரானார். 1820க்குப் பின் அந்த முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது.

நிலம் அளக்க ஆள் வேண்டுமே! 1794இல் சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்து, இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும் வேலையைத் தொடங்கினார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு மலையில் தோட்டங்களும் வேலிகளும் பெருகின.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த அளவுகளெல்லாம் வரிக்காக எடுத்தவை. வீடு வாங்குபவரைக் காப்பாற்ற எடுத்தவை அல்ல. “இந்த நிலத்துக்கு யார் வரி கட்டுகிறார்?” என்ற கேள்விக்குப் பிறந்த பதில்தான் பட்டா. ஆகவேதான் பட்டாவோடு மூலப் பத்திரத்தையும் தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். யு.டி.ஆர். திட்டம் என்று சொல்லுவார்கள். மிகப் பெரிய வேலை அது. அதில் சில இடங்களில் பெயர் மாறியது. சில இடங்களில் பரப்பு மாறியது. அவற்றைத் திருத்தக் கோரி இன்றும் மக்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் நிலத்திலும் அப்படி ஒரு பிழை இருக்கலாம் அல்லவா?

சரிவில் ஏமாற்றும் நாடா

மலை நிலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை.

சாய்த்து வைத்த ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. தரையில் விழும் நிழல் ஏணியைவிடக் குட்டையாக இருக்கும். நிலப்படத்தில் இருப்பது அந்த நிழலின் நீளம். ஏணியின் நீளம் அல்ல!

அதாவது, சரிவான நிலத்தைச் சர்வே செய்யும்போது சரிவின் மேல் நாடாவைப் படுக்கவைத்து அளப்பதில்லை. மட்டமாகப் பிடித்துத்தான் கணக்கெடுக்கிறார்கள்.

நூறு அடி நடந்தால் ஐம்பது அடி உயரம் ஏறுகிற சரிவு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையோடு நாடாவைப் போட்டால் நூறு அடி. படத்தில் அது சுமார் 86½ அடிதான். அகலம் 50 அடி என்றால், உங்கள் கணக்கில் 5,000 சதுர அடி. படத்தின் கணக்கில் சுமார் 4,330 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக, ஒன்றரை சென்ட் வித்தியாசம்!

விற்பவர் பொய் சொல்லவில்லை. நாடாவும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாங்குபவருக்கு நஷ்டம். ஆகவே மலையில் நாமே நாடா பிடித்து அளந்துவிட்டு, “சரியாக இருக்கிறது” என்று சொல்லக் கூடாது.

முதலில் கேட்க வேண்டிய காகிதங்கள்

1. மூலப் பத்திரமும் அதற்குப் பின் வந்த பத்திரங்களும். நான்கு எல்லைகள் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. பட்டா, சிட்டா, அ-பதிவேடு. சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

3. புலப்படம். சர்வேக் கற்கள் எங்கே இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எத்தனை மீட்டர் என்பதை இது காட்டும்.

4. வில்லங்கச் சான்று. முன்பு விற்றது, அடகு வைத்தது என்று பதிவானவை இதில் தெரியும்.

5. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது. இவை யார் பெயரில் இருக்கின்றன என்று கவனியுங்கள்.

பட்டாவையும் புலப்படத்தையும் வில்லங்கத்தையும் இன்று அரசின் இணையதளங்களில் பார்க்கலாம். பழகாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய கிராமத்து வீடுகள் பல நத்தத்தில் இருக்கும். நத்தத்துக்குத் தனிப் பதிவு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்றும் விசாரியுங்கள். நிபந்தனையை மீறி வாங்கினால், அந்த நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். மலைப்புறத்தில் காப்புக் காட்டின் எல்லை எங்கே என்று கேட்பதும் அவசியம்.

சர்வேயர் வரும் நாள்

அரசு சர்வேயரை வரவழைக்க, பட்டா வைத்திருப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே விற்பவரை மனுப் போடச் சொல்லுங்கள். கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால்கூடத் தவறில்லை. “அளவெல்லாம் எதற்கு? என்னை நம்பவில்லையா?” என்று அவர் கோபித்துக்கொண்டால், அங்கேயே நின்றுவிடுங்கள்!

தனியார் சர்வேயரும் அளந்து படம் போட்டுத் தருவார். உங்களுக்குத் தெளிவு வர அது உதவும். ஆனால் எல்லைத் தகராறு என்று வந்தால், அரசுப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அளக்கும் நாளில் நீங்கள் நேரில் இருக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்களும் இருக்க வேண்டும். அவர்கள் எதிரில் அளந்தால் பிற்பாடு பேச்சு வராது. கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையிலும் பாருங்கள். மழையில் மண் சரிந்து கல் மூடியிருக்கும். சில வேளை வேலிக்கு வசதியாகக் கல்லே நகர்ந்திருக்கும்! சர்வேக் கற்களைப் பாதுகாப்பது நில உடைமையாளரின் கடமை என்று 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் சொல்லுகிறது.

வேலி வேறு, எல்லை வேறு. பக்கத்து வேலி நெடுங்காலமாக உள்ளே தள்ளி நிற்கிறதா? 12 ஆண்டுக்கு மேல் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தவர் அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடக் கூடும். இதற்கு வக்கீலின் யோசனை தேவை.

வழியும் தண்ணீரும்

மலையில் வீட்டைவிட வழிதான் பெரிது. சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். அந்தப் பாதை புலப்படத்தில் இருக்கிறதா? பொதுப் பாதையா, பிறர் நிலமா? பிறர் நிலமானால், நடக்கும் உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? “இத்தனை காலமும் இப்படித்தான் போகிறோம்” என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, கிணற்றிலிருந்தா? அது யாருடைய நிலத்தில் இருக்கிறது? குழாய் யார் நிலத்தைக் கடந்து வருகிறது? கோடையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

வீட்டையும் சோதியுங்கள்

நிலம் சரியானால் போதாது. ஒரு பொறியாளரையோ அனுபவமுள்ள கொத்தனாரையோ தச்சரையோ அழைத்துப் போங்கள்.

சுவருக்குள் நுழையும் இடத்தில் உத்தரத்தைக் குத்திப் பாருங்கள். கரையானும் ஈரமும் முதலில் அங்கேதான் தின்னும். சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டச் சொல்லுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் விரிகிறது என்று பொருள்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டைத் தாங்கும் கல்கட்டு இருக்கும். அது வயிறு தள்ளி நிற்கிறதா? நீர் கசிந்து வெளியேற அதில் துளைகள் உண்டா? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? மழை நாளில் போனால் வீடே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இடித்துக் கட்டலாம், மரத்தை வெட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அனுமதி கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள். அரசு அறிவித்த மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும்.

பத்திரம் எழுதும்போது

“மொத்தமாக இத்தனை ரூபாய்” என்று பேசாதீர்கள். “அளந்து வரும் சென்ட்டுக்கு இத்தனை ரூபாய்” என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குறைந்தால் விலையும் குறையும். சர்வே எண், உட்பிரிவு எண், நான்கு பக்க நீளம், பாதை உரிமை, தண்ணீர் உரிமை எல்லாம் சொத்து விவரத்தில் வர வேண்டும். அளந்த வரைபடத்தையும் பத்திரத்தோடு இணையுங்கள். பதிவான பிறகு பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் செலவும் ஆகும். ஆனால் எல்லை வழக்கு ஒன்று வந்தால் எத்தனை ஆண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

குடி போன பிறகு, ஒரு நாள் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சர்வேக் கல்லையும் காட்டுங்கள். “இதுவரை நம்முடையது, இதற்கு அப்பால் அடுத்த வீட்டுத் தாத்தாவுடையது” என்று சொல்லிக் கொடுங்கள். அந்தத் தாத்தாவும் கூட வந்தால் இன்னும் நல்லது.