பழைய காரில் புது சத்தமா? எதற்கு வண்டியை நிறுத்தணும், எதற்குப் பயப்பட வேண்டாம்?

சென்னையிலோ திருச்சியிலோ வேலை. வாரக் கடைசியில் ஊர். வீட்டு வாசலில் அப்பா வாங்கிய பழைய மாருதி 800 அல்லது சான்ட்ரோ. வாரம் முழுக்க சும்மா நின்ற வண்டியைக் கடைவீதி வரைக்கும் எடுத்தால் ‘கீச்’னு ஒரு சத்தம், பிரேக் பிடித்தால் ‘சர்ர்’னு இன்னொன்று. பாடாலூர் போன்ற ஊர்களில் இந்தக் காட்சி சகஜம்.

பிரச்சினை என்னவென்றால், ஊரைத் தாண்டினால் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை. தெருவுக்குள் 20 கி.மீ. வேகத்தில் வந்த சத்தத்தை அலட்சியம் பண்ணிட்டு, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் ஏறுவது சரியா? அல்லது ஒன்றுமில்லாத சத்தத்துக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் செலவு செய்யணுமா? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. சத்தத்தை அது எப்படிக் கேட்குது என்பதை வைத்து இல்லாமல், எப்போது வருது என்பதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது.

முதல் கேள்வி: சத்தம் எதோடு சேர்ந்து ஓடுது?

காரில் வரும் பெரும்பாலான சத்தங்கள் மூன்றில் ஒன்றைப் பின்தொடரும்: எஞ்சின் வேகம், சக்கரத்தின் வேகம், அல்லது நீங்கள் செய்யும் ஒரு செயல் (பிரேக், ஸ்டியரிங், ஏசி, கிளட்ச்).

சோதிப்பது எளிது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்துங்கள். சத்தமும் கூடவே வேகமானால் அது எஞ்சின் பக்கம். நின்றால் சத்தமே இல்லை, ஓடும்போது மட்டும் வருது என்றால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் பார்க்கணும்.

ஓடும்போது சந்தேகம் வந்தால், காலியான நேர் சாலையில் ஓரிரு விநாடி கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் குறைந்தும் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரத்தோடு ஓடும் சத்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினை ஆஃப் பண்ணாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும்.

தாளமும் துப்புக் கொடுக்கும். 12 இன்ச் வீல் கொண்ட மாருதி 800, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் விநாடிக்குச் சுமார் மூன்றரை சுற்று சுற்றும். அந்த அளவுக்கு ‘டக்... டக்... டக்’ கேட்டால், முதலில் டயர் பட்டனுக்குள் ஜல்லிக் கல் மாட்டியிருக்கான்னு பாருங்கள். செலவு பூஜ்யம்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

- எஞ்சினை ஆஃப் செய்த பிறகு ‘டிங்... டிங்...’: சூடான சைலன்சர் பைப் ஆறும்போது சுருங்கும் சத்தம்.
- ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சுற்றுவது: பல மாடல்களில் இது இயல்பு. சூடு இறங்கியதும் நின்றுவிடும்.
- சில நாள் நின்ற வண்டியில் முதல் சில பிரேக்கில் ‘சர்ர்’: டிஸ்க்கில் படிந்த லேசான துரு. ஏழெட்டு முறை பிரேக் பிடித்த பிறகும் போகவில்லை என்றால்தான் கவனிக்கணும்.
- காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி ‘டிக் டிக்’: ராத்திரி கீழே இறங்கிவிட்ட ஆயில் மறுபடி மேலே ஏற எடுக்கும் நேரம்.
- ஐடிலில் மாருதி 800 நடுங்குவது: அதில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின். நான்கு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றுவதற்கு ஒரு முறை எரிப்பு நடக்கும். மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒரு முறைதான். அதனால் கொஞ்சம் அதிர்வு அதன் பிறவிக் குணம். ஆனால் சமீபத்தில் திடீர்னு அதிகமானால் எஞ்சின் மவுண்ட் ரப்பரையோ, ஸ்பார்க் பிளக்கையோ சோதிக்கணும்.

இந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டியவை

‘கீச்’: காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஏசி அல்லது ஹெட்லைட் போட்டதும் வந்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, பேட்டரி சார்ஜ் ஏறாது. பல பழைய மாடல்களில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும். பெல்ட் அறுந்தால் எஞ்சினும் சூடாகிவிடும்.

‘டிக் டிக்’ நிற்கவே இல்லை: எஞ்சின் மேல்பகுதியில் தையல் மெஷின் மாதிரி கேட்டால், மெக்கானிக்குகள் ‘டேப்பெட் சத்தம்’ என்பார்கள். வால்வு இடைவெளி கூடியிருக்கும். ஆனால் அதைச் சரிசெய்யச் சொல்லும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்கணும். ஆயில் குறைந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

திரும்பும்போது ‘கட கட’: ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் வந்தால், முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்ததுதான் வழக்கமான காரணம். பூட் கிழிந்தவுடனே மாற்றினால் செலவு குறைவு.

‘ஊஊ’ என்ற முனகல்: வேகம் கூடக் கூட அதிகமாகி, ஒரு பக்கம் வளைந்தால் மாறுது என்றால் வீல் பேரிங். இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

மேடு ஏறும்போது ‘கிடு கிடு’: பச்சைமலை ஏறும்போதோ, மேம்பாலத்தில் நான்காவது கியரிலேயே இழுக்கும்போதோ டப்பாவில் சில்லறை குலுக்குவது போல வந்தால் அது பிங்கிங். கியரைக் குறைத்ததும் நின்றால் ஓட்டும் முறையில்தான் தவறு. குறைத்தும் வந்தால் டைமிங், கார்பன் படிவு, பிளக் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

1. சிவப்பு ஆயில் லைட்: ஓடும்போது இது எரிந்தால் எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். ‘அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்’ என்ற எண்ணமே வேண்டாம். சில நிமிடங்களில் எஞ்சின் ஜாம் ஆகிவிடலாம்.
2. எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’: டேப்பெட் போல மெல்லியதாக இல்லாமல், சுத்தியலால் அடிப்பது மாதிரி கனமாக, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் கனெக்டிங் ராட் பேரிங் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போவதே மேல்.
3. டெம்பரேச்சர் முள் சிவப்பில்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாக வைத்தால் பாதுகாப்பான இடம் வரைக்கும் கொஞ்சம் சூடு இறங்கும். நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.
4. பிரேக்கில் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம்: பேட் முழுசாகத் தேய்ந்துவிட்டது. இந்த நிலையில் நெடுஞ்சாலை வேண்டாம்.
5. பெட்ரோல் வாடை: வண்டிக்குள் தொடர்ந்து வந்தால் ஓஸ் பைப் கசிவாக இருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து.

நெடுஞ்சாலையில் நிறுத்த வேண்டி வந்தால்: இடது ஓரம், நான்கு இண்டிகேட்டரும் ஆன், பின்னால் எச்சரிக்கை முக்கோணம். ஆட்கள் வண்டிக்குள் உட்காராமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கணும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

சத்தமே போடாத ஆபத்து

எல்லாக் கோளாறும் முன்கூட்டியே சத்தம் கொடுக்கும் என்று நம்புவது தவறு. மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்ற கார்களில் இருக்கும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. ஃபேன் பெல்ட் கத்தும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் கத்தாது, ஒருநாள் அப்படியே அறுந்துவிடும். சில எஞ்சின்களில் அப்போது வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டிய நிலை வரும்.

வண்டி குறைவாக ஓடியிருக்கு என்பதும் பாதுகாப்பு இல்லை. ரப்பருக்கு வயசும் ஒரு கணக்கு. மேனுவலில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு வரம்பும் இருந்தால், எது முதலில் வருதோ அப்போதே மாற்றணும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது.

சைலன்சரில் ஓட்டை விழுந்து ‘டப டப’ கேட்பதும் இதே வகை. சத்தம் இருக்கும், ஆனால் ஆபத்து சத்தத்தில் இல்லை. வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் கிடையாது. சரிசெய்யும் வரை கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, நிற்கும் வண்டியில் தூங்கவே கூடாது.

நம்ம ஊர் மண், சும்மா நிற்கும் வண்டி

பெரம்பலூர் பக்கம் கல்குவாரி லாரிகள், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும். புழுதிக்குப் பஞ்சமில்லை. ஏர் ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் இழுவை குறையும், மைலேஜ் இறங்கும், பழைய கார்புரேட்டர் வண்டியில் கரும்புகை வரும். மேனுவல் சொல்லும் இடைவெளிக்கு முன்பே கழற்றிப் பாருங்கள்.

வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இரண்டு எதிரிகள்: எலியும் பேட்டரியும். ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் திறந்து வயர் கடிபட்டிருக்கான்னு பாருங்கள். செல்ஃப் எடுக்காமல் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், புது பேட்டரி வாங்கும் முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுது என்று அர்த்தம்.

இ20 பெட்ரோலால்தான் சத்தமா?

எத்தனால் ஆக்டேன் அளவைக் கூட்டும் பொருள். எனவே பிங்கிங் சத்தத்துக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய வண்டிகளில் கவனிக்க வேண்டியது ரப்பர் பாகங்களை. 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. பெட்ரோல் ஓஸ் பைப்பை ஒவ்வொரு சர்வீசிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

“அண்ணே, ஏதோ சத்தம் வருது”ன்னு சொன்னால், “எப்ப தம்பி வருது?”ன்னுதான் அவர் முதலில் கேட்பார். அதுக்குப் பதில் கையில் இருக்கணும். பட்டறைக்குப் போகும்போது சத்தம் காணாமல் போவதும் வழக்கம். அதனால் செல்போனை வேலை வாங்குங்கள்:

- காலையில் முதல் ஸ்டார்ட்டை 30 விநாடி ரெக்கார்டு செய்யுங்கள்.
- ஏசி ஆஃப், ஏசி ஆன் என இரண்டு நிலையிலும் எடுங்கள்.
- ஓடும்போது எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம்.
- பானட் திறந்திருக்கும்போது துப்பட்டா, சட்டைக் கை, செயின் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

வண்டி நின்ற இடத்தில் தரையையும் பாருங்கள். ஏசி ஓடிய பிறகு வரும் நிறமற்ற தண்ணீர் பிரச்சினை இல்லை. பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். கறுப்பு, பழுப்பு என்றால் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் மாதிரி ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.

பழுது பார்த்த பிறகு, மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வது சந்தேகப்படுவது ஆகாது. எந்தப் பாகம் எப்படித் தேயுது என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வண்டிக்கு இனி செலவு செய்யலாமா?

1983 டிசம்பரில் தொடங்கிய மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்த வண்டிகளே 2029-ல் 15 ஆண்டை எட்டிவிடும். டெல்லியில் இருப்பதுபோல வயசை மட்டும் வைத்துச் சொந்தக் காரை ஓரங்கட்டும் விதி தமிழ்நாட்டில் இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். காருக்கான இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

ஆகவே ஒரு சத்தத்துக்கு மட்டும் எவ்வளவு செலவு என்று பார்க்காமல், அடுத்த புதுப்பிப்பு எப்போது, டைமிங் பெல்ட், டயர், பிரேக் எந்த நிலையில் இருக்கு என்று மொத்தமாகக் கணக்குப் போடுங்கள். எஞ்சினும் பாடியும் நல்லா இருந்தால், பெல்ட், ரப்பர், பேரிங் மாற்றுவது வீண் செலவு இல்லை. எஞ்சினே ‘டொக் டொக்’ என்றால், அல்லது அடித்தளம் துருப்பிடித்துப் போயிருந்தால், பாசம் வேறு, பயணம் வேறு.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது நெடுஞ்சாலையில் ஏறும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்: ஆயில், கூலன்ட், டயர் காற்று, தரையில் ஈரம், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டிய சிவப்பு லைட்டுகள். இந்த ஐந்தும் சரியாக இருந்து, சத்தமும் மேலே சொன்ன ‘உடனே நிறுத்த வேண்டிய’ பட்டியலில் இல்லை என்றால் நிதானமாகக் கிளம்பலாம். ஒன்று இடித்தாலும், அன்றைக்கு பஸ்ஸில் போங்க. வண்டி ஒரு வாரம் காத்திருக்கும்.