பாம்புக்கடியில் பழுதான கிட்னி மீண்டும் வளருமா? மருந்து ஆராய்ச்சி சொல்வது என்ன?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் அன்றாடம் இது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. குனிந்து, சருகுக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த ஈரச் சருகுதான் குழிவிரியனுக்கும் இருப்பிடம்.

இதில் ஒரு வகை, மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும் சிறிய பழுப்பு நிறப் பாம்பு. காய்ந்த இலை போலவே கிடக்கும். இது கடித்தால் வீக்கத்தோடு போய்விடும் என்றுதான் பல காலம் நினைத்தார்கள். ரத்தம் உறையாமல் போவதும், சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு என்று 2007-ல் கேரள மருத்துவர்கள் பதிவு செய்தனர். சிக்கல் என்னவென்றால், இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளுக்கானது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அடிவாரத்துக் கண்ணாடி விரியனுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் ஊசி போடத் தாமதமானால் அங்கேயும் கிட்னி அடிவாங்கும்.

சரி, அடிவாங்கிய கிட்னி தானாகத் தேறுமா?

தன்னைத்தானே ஒட்டுப்போடும் குழாய்

ஓரளவுக்குத் தேறும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள் இவை. குழந்தை பிறக்கும்போதே இவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடும், பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. ஆனால் நெஃப்ரானின் நுண்குழாயில் உள்ள செல்கள் அப்படியில்லை. விஷத்தாலோ, ரத்த ஓட்டம் குறைந்தோ பல செல்கள் செத்தாலும், மிச்சமிருப்பவை தங்கள் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டுப் பெருகி, ஓட்டையான சுவரை மூடுகின்றன. டயாலிசிஸில் இருந்த பலர் சில வாரங்களில் அதிலிருந்து விடுபடுவது இதனால்தான். டயாலிசிஸ் குணப்படுத்துவதில்லை, கிட்னி தேறும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

அடி பலமாக இருந்தால் கதை மாறும். பெருகத் தொடங்கிய செல்கள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, தழும்பை உண்டாக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. தழும்பு விழுந்த இடம் திரும்பி வருவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் மருந்து தேடுவது இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளிக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. காயமடைந்த நுண்குழாய்ச் செல்கள் இன்டர்லூகின்-11 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. தழும்பைத் தூண்டிவிட்டு, செல் பெருக்கத்துக்குத் தடைபோடுவது இதுதான் என்கிறது அந்தக் குழு. இந்தப் புரதத்தை முடக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தியபோது, நாள்பட்ட பாதிப்பு இருந்த எலிகளிலும் செல்கள் மீண்டும் பெருகின, தழும்பு குறைந்தது, சிறுநீரகச் செயல்பாடும் மேம்பட்டது. அதற்கு முன்பே, 2013-ல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுக்கள் பிடிபிஏ வகை மூலக்கூறு ஒன்று வரிக்குதிரை மீனிலும் எலியிலும் இதே மீட்சியை வேகப்படுத்துவதைக் காட்டியிருந்தன.

எல்லாம் எலி, மீன். அடிபட்ட கிட்னியின் செல்களை மனிதர்களிடம் மறுபடி வளரவைக்கும் மருந்து எதற்கும் இதுவரை அனுமதி கிடையாது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அவை செல்லை வளர்க்கும் மருந்துகள் அல்ல. ஆக, ‘கிட்னி புத்துயிர்’ என்று யார் எதை விற்றாலும், அதற்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி இல்லை.

விஷமுறிவு என்று நம்பப்படும் மூலிகை

மலைப்பகுதிகளில் பாம்புக்கடிக்கு ஈஸ்வரமூலி கொடுக்கும் வழக்கம் பழையது. பெருமருந்து என்றும் சொல்வார்கள். இந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரக நுண்குழாய்களையே அழிக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதி செய்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி போனதற்கும் இந்த அமிலம்தான் காரணம். பிடிபிஏ ஆய்வாளர்கள் பிறகு எலிகளின் கிட்னியைக் கெடுக்கப் பயன்படுத்தியதும் இதையேதான். பாம்பு விஷத்தில் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இதைவிட மோசமான மருந்து இருக்க முடியாது.

கடிபட்டதும் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கைகாலை அசைக்காமல் 108-ஐ அழைப்பதுதான் இப்போதைக்குக் கிட்னியைக் காக்கும் வழி. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பாதிப்பாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்துவிட்டது. தப்பி வீடு திரும்பியவர்கள் 3 மாதம் கழித்து ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ‘ஒண்ணுக்கு சரியா போகுது’ என்பதை வைத்து கிட்னி முழுதாகத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதுவரை இடுப்புவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடக் கூடாது. நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பவர்களுக்கு இது சிரமம்தான். எந்த வலி மாத்திரை சரி என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.