ஏவலாளர் பிழையும் எசமானர் பொறுப்பும்

பிழை செய்தவனே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயின், ஏவலாளன் செய்த பிழைக்கு, தான் யாதொரு தவறும் இழைக்காத எசமானன் ஏன் பொருள் கொடுத்தல் வேண்டும்? சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இரத்தினபுரி, கேகாலை மலைப்பாதைகளிற் கொழுந்தேற்றிச் செல்லும் லொறி, சாரதியின் கவனக்குறைவால் ஒரு தாயை மோதிக் கொன்றுவிடின், அவள் பிள்ளைகள் எவரிடம் ஈடு கேட்பது? சாரதியின் சம்பளத்தில் அத்துணைப் பொருளைத் திரட்டல் அரிது. தோட்டத்தைக் கேட்க இயலுமா என்பதிலேயே அக்குடும்பத்தின் எதிர்காலம் தங்கியுள்ளது.

இலங்கையின் தீங்கியற் சட்டத்துக்கு அடிப்படை உரோமன்-டச்சுச் சட்டமாகும். அதன்படி, பணியாளன் தன் வேலையின் போக்கில் விளைத்த தீங்குக்கு முதலாளியும் பொறுப்பாவான். பிறரை ஏவி நயம் பெறுவோன் அவ்வேவலால் வரும் இடரையும் ஏற்றல் வேண்டும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயங்களுள் ஒன்று. சிறைத்தண்டனை இவ்வாறு கைமாறுவதன்று. நீதவான் மன்றிற் குற்றவாளியாய் நிற்பவன் சாரதியே.

'வேலையின் போக்கு' யாது என்பதிலேதான் வழக்குகள் பல்குகின்றன. நம் மன்றுகள் மதித்து நோக்கும் தென்னாபிரிக்கத் தீர்ப்புகளுள், 1914ஆம் ஆண்டின் மிக்கிசே எதிர் மார்ட்டென்ஸ் வழக்கு தோட்ட வாழ்வுக்கு மிக அணித்தானது. வண்டியிற் சரக்கேற்றிச் சென்றோர் இடைவழியில் உணவு சமைக்கத் தீ மூட்டினர். அது பரவி அயலார் உடைமையை எரித்தது. சமையல் அவரவர் சொந்தக் கருமம் எனத் தோன்றலாம். நெடுவழி செல்வோர் உண்ணாதிருத்தல் கூடுமோ? அத்தீயும் வேலையைச் சார்ந்ததே என மன்று கொண்டது. 1945ஆம் ஆண்டின் பெல்ட்மன் எதிர் மால் வழக்கு இன்னும் ஒருபடி சென்றது. பொருள்களை ஒப்படைத்த சாரதி, தன் அலுவலாக வேறிடஞ் சென்று மதுவருந்தி, வண்டியுடன் மீளுகையில் ஒருவரை மோதிக் கொன்றான். வழி விலகினும் முதலாளியின் வண்டியைக் காக்கும் வேலையை அவன் முற்றாகக் கைவிட்டிலன். ஆதலின் முதலாளி பொறுப்பாயினன்.

"இவ்வாறு ஓட்டலாகாதென்று துரை முன்னரே தடுத்திருந்தார்" என்னும் மறுப்பும் தோட்டங்களிற் கேட்கக்கூடியதே. இங்கிலாந்தில் 1862இல் முடிந்த லிம்பஸ் வழக்கில், பிற வண்டிகளை மறிக்கலாகாதென எழுத்திலேயே கட்டளையிருந்தும் பஸ் கம்பனி தப்பவில்லை. வேலையைச் செய்யும் முறையைத் தடுத்தல் வேறு, வேலையையே விலக்குதல் வேறு.

லொறி ஒப்பந்தகாரருடையதாயின் நிலை மாறும். தனித்தொழில் நடத்தும் ஒப்பந்தகாரரின் தவறு பொதுவாகத் தோட்டத்தைச் சாராது. முதலாளி எவர் என்பதும் எளிய வினாவன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் பல, 1992 தொடக்கம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. நிலவுடைமை அரசினதாயினும் சாரதியை ஏவுவோர் எவரென்பதே நோக்கத்தக்கது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வழக்கிடல் ஆகாது.

இறந்தவர் வேலையிலிருந்த தொழிலாளியாயின் வேறொரு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் எவருடைய கவனக்குறைவையும் நிறுவ வேண்டுவதில்லை. தீங்கியல் வழக்கோ, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, ஈராண்டுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். ஈமச்செலவுக்கெனத் தோட்டம் கொடுத்த பணத்தோடு அமைந்திருப்போர்க்கு அவ்வீராண்டும் விரைவிற் கழிந்துவிடும்.