உறக்கத்தில் மூச்சு ஏன் தடைபடுகிறது?

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மேல் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்வதால், குறிப்பாகக் கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் தாடை சிறுத்தவர்களுக்கும், நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து அப்பாதையை அடைத்துவிடக்கூடும். இவ்வாறு மூச்சோட்டம் 10 விநாடிக்குக் குறையாமல் மீண்டும் மீண்டும் நின்றுபோவதே உறக்க மூச்சுத்தடை எனப்படுகிறது.

குருதியில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுவதை உணரும் மூளை, உறங்குபவர் அறியாமலே அவரைக் கணநேரம் விழிக்கச் செய்து மூச்சை மீட்கிறது. அப்போது பரிவு நரம்பு மண்டலம், அதாவது உடலை நெருக்கடிக்கு ஆயத்தப்படுத்தும் நரம்புத் தொகுதி, தூண்டப்பட்டு இரத்த அழுத்தம் உயர்கிறது. இரவுதோறும் இது தொடர்ந்தால் உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு பெருகுவதோடு, உறக்கம் துண்டுபடுவதால் பகல் தூக்கமும் வாகன விபத்தும் நேரலாம்.

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் வெளியிட்ட, முகமூடி வழியே அழுத்தக் காற்றைத் தொடர்ந்து செலுத்திப் பாதையை மூடவிடாமல் காக்கும் முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சையாக உள்ளது.