அட்டாங்க வணக்கமும் முதுகந்தண்டும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலில் நிலமிசை வீழ்ந்து வணங்குவாருள், இராயபுரத்தும் எண்ணூரிலும் பகலெல்லாம் சுமையெடுத்தும் பொறிகளின்முன் குனிந்தும் உழைப்போர் பலர். 'இவ்வணக்கம் இடுப்புக்கு நல்ல பயிற்சி' என்று அவருட் சிலர் கூறுப. அதனைக் கேட்டு வெகுள்வாரும் உளர். இருவர் கூற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு என்னும் எட்டுறுப்பும் நிலந்தோய வணங்குவது அட்டாங்கம். ஆறுமுகநாவலர் (1822–1879) தமது இரண்டாஞ் சைவவினாவிடையில் இதன் முறையைத் தெளிவுற விதித்துள்ளார். பலிபீடத்துக்கு இப்பால் மார்பு நிலத்திற் படக் கிடந்து, வலக்கையை முன்னும் இடக்கையைப் பின்னுமாக நீட்டி, அம்முறையே மடக்கி, புயங்கள் மண்ணிற் பொருந்தக் கைகளை அரைநோக்கி நீட்டி, வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் நிலத்திற் பொருத்துதல் வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்னும் முறைகளுள் ஒன்றாகச் செய்க. ஒருமுறை இருமுறை செய்தல் குற்றம்.

இனி உடனூலார் கூறுவது நோக்குவாம். முதுகந்தண்டின் எலும்புகள் 33. அவற்றுள் மேலுள்ள 24 தனித்தனி அசையும். ஏனையவை ஒன்றோடொன்று கூடியவை. செவியை நிலத்திற் பொருத்துங்கால் கழுத்துத் திரும்பும் அளவில் ஏறக்குறையப் பாதி, முதலிரண்டு கழுத்தெலும்புகளின் இடையே நிகழ்வது. கைகளை நீட்டி மடக்குதலால் தோட்பொருத்துக்கள் இயங்கும். வீழுங்காலும் எழுங்காலும் உடம்பை வளையாது தாங்குவன வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளுமே. ஆதலின் நாளெல்லாம் குனிந்தவனுக்கு இஃது இதமாதல் இயல்பு. இக்காலத்துப் பெரும்பாலோர் செவி தோய்த்தலை அறவே விட்டு விரைந்து எழுகின்றனர், இஃது இரங்கத்தக்கது.

அற்றேல் இது தேகப்பயிற்சியே எனின், அன்று. உடம்பு மாயையின் காரியம். ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு விடியுமளவும் விளக்குப்போல உதவுவது. விளக்கைத் தூண்டுதல் குற்றமாகாது. திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் ஆதனத்தையும் சரீரசித்தி உபாயத்தையும் ஓதினார். ஆயின், இடுப்பின் நலமே கருதி எண்ணிக்கை பெருக்குவோனிடத்து 'யான் இத்துணை செய்தேன்' என்னும் முனைப்பே வளரும். அம்முனைப்பு ஒடுங்குதற்கன்றோ சரியையில் இவ்வணக்கம் விதிக்கப்பட்டது? உடனலம் உடன்விளைவாக வருமாயின் வருக. அதுவே குறியாயின் அவன் வீட்டுத் தரையே போதும், சந்நிதி வேண்டுவதில்லை.

மகளிர்க்குத் தலையும் கையிரண்டும் முழந்தாளிரண்டும் தோயும் பஞ்சாங்கமே விதி. முதுகுநோயால் மருத்துவர் தடுத்தோர் அட்டாங்கத்தை வலிந்து செய்யவேண்டா. சிரமிசைக் கைகுவிக்கும் திரியாங்கம் அவர்க்கு உண்டு. கிழக்கு நோக்கிய ஆதிபுரீசர் சந்நிதியில் வடக்கே தலைவைத்தும், தெற்கு நோக்கிய வடிவுடையம்மை சந்நிதியிற் கிழக்கே தலைவைத்தும் வணங்குக.